ஈசிஆர்ல மனை வாங்கப் போறீங்களா? 30 வருஷ ஈசி பத்தாது, 1892 வரைக்கும் போங்க

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போற வழியிலயும், செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் வர்ற வழியிலயும் மனைப்பிரிவு போர்டு இல்லாத ஒரு கிலோமீட்டரைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆனவங்க நம்மகிட்ட அதிகமா கேக்குற கேள்வி, "இந்த விலைக்கு வாங்கலாமா?" விலை பத்தி நிறைய வீடியோ போட்டாச்சு. டிடிசிபி அனுமதி, ரெரா பதிவு, வழிகாட்டி மதிப்பு எல்லாம் பேசியாச்சு. இன்னைக்கு பேசப் போறது பெரும்பாலும் யாரும் கேக்காத விஷயம்: நீங்க வாங்கப் போற நிலத்தை இதுக்கு முன்னாடி வச்சிருந்த குடும்பங்களோட வரலாறு.

வக்கீல் லீகல் ஒப்பீனியன் குடுத்துட்டாரு, பேங்க் லோனும் சாங்ஷன் ஆயிடுச்சு, இதுக்கு மேல எதுக்கு வரலாறுன்னு தோணும். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். செங்கல்பட்டு மாவட்டத்துல, அதுவும் இந்தக் கடற்கரைப் பக்கம், நிலத்தோட பழைய குடும்பக் கதை தெரியாம 25 லட்சம் போடக் கூடாது. ஏன்னு புரியணும்னா, கொஞ்சம் சுத்தி அமெரிக்கா வழியா வரணும். பொறுத்துக்கோங்க, திரும்பி செங்கல்பட்டுக்கே வந்துடுவோம்.

அமெரிக்கால வம்சாவளி தேடுறது பொழுதுபோக்கு, பெரிய தொழிலும் கூட. அதுல தனியா ஒரு பிரிவு, வர்ஜீனியா, மேரிலாந்து, தென் கரோலினா பக்கம் 17, 18ஆம் நூற்றாண்டுல புகையிலை, நெல் பயிர் பண்ணின பண்ணை முதலாளிக் குடும்பங்களைத் தேடுறது. "எங்க முப்பாட்டன் ஆயிரம் ஏக்கர் பண்ணையார்"னு சொல்லிக்கிறதுக்காகத் தேடுறவங்க ஒரு பக்கம். அதே முதலாளி வம்சத்தை இன்னொரு கூட்டமும் தேடுது: அந்தப் பண்ணைகள்ல அடிமையா இருந்தவங்களோட கொள்ளுப் பேரப் பிள்ளைங்க.

அவங்க ஏன் முதலாளி வம்சத்தைத் தேடணும்? 1850, 1860 கணக்கெடுப்புல அடிமைகளுக்குன்னு தனிப் பட்டியல் இருந்துச்சு. அதுல முதலாளியோட பேர் இருக்கும். அடிமைங்களுக்கு வயசு, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான் பெரும்பாலும். பேர் கிடையாது. 1865ல அடிமை முறை ஒழிஞ்ச பிறகு, 1870 கணக்கெடுப்புலதான் அவங்கள்ல பெரும்பாலானவங்க முதல்முறையா சொந்தப் பேரோட பதிவாகுறாங்க. அதுக்கும் பின்னாடி போகணும்னா, முதலாளியோட உயில், பாகப்பிரிவினை, சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரம் இதையெல்லாம்தான் புரட்டியாகணும். தன் பாட்டனைக் கண்டுபிடிக்க, பாட்டனைச் சொத்தா எழுதி வச்சிருந்தவனோட குடும்பக் கணக்கைப் படிக்கணும். 1838ல மேரிலாந்து ஜெசூட் பாதிரியார்கள் 272 பேரை லூசியானா பக்கம் வித்தாங்க. அந்தப் பணத்துல ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியோட கடனை அடைக்கப் போச்சு. வித்த கணக்கு காகிதத்துல இருந்ததாலதான் இத்தனை வருஷம் கழிச்சு அந்த 272 பேரோட வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடிஞ்சது.

பிரிட்டன் கதை நம்ம மாதிரி இஎம்ஐ கட்டுற ஆளுங்களுக்கு இன்னும் நல்லா புரியும். 1833ல பிரிட்டிஷ் காலனிகள்ல அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தப்போ 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கினாங்க. யாருக்கு? முதலாளிகளுக்கு! உழைச்சவங்களுக்கு ஒரு பென்னி கூட இல்ல. அந்த நஷ்டஈட்டுக்கு வாங்கின கடன் முழுசா அடைஞ்சது 2015லதான்னு பிரிட்டிஷ் நிதித் துறையே சொல்லியிருக்கு. 20 வருஷ ஹோம் லோனைப் பார்த்து நாம மலைச்சு நிக்கிறோம், இது 180 வருஷ லோன். இதுல ஒரு பக்க விளைவும் உண்டு. பணம் கேட்டு மனு போட்ட முதலாளிகளோட பட்டியல் அப்படியே தங்கிடுச்சு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் அதை இணையத்துலயே போட்டிருக்கு. எந்தக் குடும்பம் எவ்வளவு வாங்குச்சு, அது எந்த ரயில்வே கம்பெனிக்கும் எந்த வங்கிக்கும் போச்சுன்னு ஓரளவு பின்தொடர முடியுது.

இந்தக் கதைக்கும் நம்ம ஊருக்கும் ஒரு நேரடித் தொடர்பு கூட உண்டு. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் குடுத்த எலிஹு யேல், பாஸ்டன்ல பிறந்தவர், 1687ல இருந்து 1692 வரை நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னர். 1718ல அவர் துணி மூட்டையும் புத்தகமும் அனுப்பினார், அந்தத் துணி மூட்டை சுமார் 560 பவுண்டுக்கு வித்துப் போச்சு, அதுக்காகக் கல்லூரிக்கு அவர் பேரை வச்சாங்க. அந்தச் செல்வத்தை அவர் சேர்த்தது இந்தச் சோழமண்டலக் கரையில. 2024ல யேல் பல்கலைக்கழகம் தன்னோட அடிமை வரலாற்றுத் தொடர்பை ஒரு புத்தகமாவே வெளியிட்டு மன்னிப்பும் கேட்டுச்சு.

சரி, நம்ம பண்ணையாருங்களுக்கு வருவோம்.

காணியாட்சி, மிராசு

தொண்டை மண்டலத்துல, அதாவது 24 கோட்டம் 79 நாடுன்னு பழைய ஆளுங்க கணக்கு சொல்ற பகுதியில, ஊர் நிலம் பங்குக் கணக்குல இருந்துச்சு. ஒரு ஊருக்கு இத்தனை பங்கு, ஒவ்வொரு பங்கும் இன்ன குடும்பத்துக்கு. இதுக்குப் பேர் காணியாட்சி. பின்னாடி அரபு வழியில வந்த மிராசுங்கிற சொல் ஒட்டிக்கிச்சு. அந்தச் சொல்லுக்கே பரம்பரைச் சொத்துன்னுதான் அர்த்தம். சில ஊர்ல பங்குதாரருங்க நிலத்தை அப்பப்போ மாத்திப் பிரிச்சுக்குவாங்க, அது பசுங்கரை. நிரந்தரமா பிரிச்சுட்டா அறுதிக்கரை. இப்பவும் பழைய பத்திரங்கள்ல "சமுதாயம்", "பங்கு", "கரை"ன்னு வார்த்தைகள் தட்டுப்பட்டா திகைக்காதீங்க, அதெல்லாம் இங்க இருந்து வந்ததுதான்.

1763ல ஆற்காடு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீரா குடுத்தாரு. கம்பெனிக்கு வரி வேணும். வரி யார்கிட்ட வாங்குறதுன்னு தெரியணும்னா நிலம் யாருதுன்னு தெரியணும். அதனால இந்த ஒரு ஜில்லாவைத் தோண்டின அளவுக்கு ஆரம்பத்துல வேற எந்த ஜில்லாவையும் தோண்டினதில்லைன்னே சொல்லலாம். 1767ல இருந்து தாமஸ் பர்னார்டு ஊர் ஊரா அளந்து, சுமார் 2000 ஊரோட கணக்கை எடுத்தார். நம்ம எல்லிஸ் துரை, வள்ளுவர் நாணயத்துக்காக நாம இன்னைக்கும் நினைக்கிற அதே ஆள், மிராசு உரிமை பத்தி 17 கேள்விக்குப் பதிலா எழுதின அறிக்கை 1818ல அச்சாச்சு. மிராசுதாருங்க பெரும்பாலும் வேளாளர், பிராமணக் குடும்பங்கள். அவங்க பங்கு, உரிமை, வம்சாவளி எல்லாமே பக்கம் பக்கமா பதிவுல இருக்கு.

வயல்ல இறங்கின ஆளுங்க? பறையர் வீடு இத்தனைன்னு எண்ணிக்கை வரும். பேர் வராது. அமெரிக்கப் பட்டியல் ஞாபகம் வருதா?

இங்கேயும் அடிமை முறை இருந்துச்சு. பண்ணையாள், படியாள்னு பேர் வேறயா இருந்தாலும், நிலத்தோட சேர்த்து ஆளையும் கைமாத்தின வழக்கம் தமிழ்நாட்டுல இருந்ததுக்குக் கம்பெனி ஆவணங்களே சாட்சி. 1843ல ஐந்தாவது சட்டம்னு ஒண்ணு போட்டு, அடிமைங்கிற உரிமையைக் கோர்ட் இனிமே ஏத்துக்காதுன்னு சொன்னாங்க. நஷ்டஈடு யாருக்கும் இல்ல. பெயர்ப் பட்டியலும் எடுக்கல. கரீபியன்ல முதலாளிக்குப் பணம் குடுத்ததாலயாவது ஒரு ஆவணம் மிஞ்சுச்சு. இங்க அதுவும் இல்லாம போச்சு. சட்டம் வந்து 50 வருஷம் கழிச்சும் வயல்ல நிலைமை பெருசா மாறல.

ஒரு கலெக்டர், ஒரு அரசாணை

1891ல செங்கல்பட்டுக்குப் பொறுப்புக் கலெக்டரா இருந்த திரமென்ஹீர், அந்த ஜில்லாப் பறையர் மக்கள் நிலைமை பத்தி ஒரு அறிக்கை எழுதினார். தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து மனு போட்டா, மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை. குடியிருக்கிற சேரி மனையும் மிராசுதாரோடது, அதனால எதிர்த்துப் பேசினா வேலையும் போகும், குடிசையும் போகும். சின்னக் கடனுக்காகத் தன்னையே உழைப்புக்கு எழுதிக் குடுத்தவங்க நிலைமையும் அந்த அறிக்கையில வருது. அதே 1890கள்லதான் இதே ஜில்லா கோழியாளத்துல பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கி இந்த மக்களோட கோரிக்கைகளை எழுதிட்டிருந்தார். அயோத்திதாசரும் குரல் குடுத்துட்டிருந்தார். ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் மனசு இளகினதால மட்டும் நடந்த கதையா இதைச் சொல்றது எனக்குப் பிடிக்கல.

1892 செப்டம்பர் 30, அரசாணை எண் 1010. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு, அன்னைக்கு ஆங்கிலத்துல டிப்ரஸ்டு கிளாஸ், சுருக்கமா டி.சி., அரசு நிலத்தை ஒப்படைக்க வழி பிறந்துச்சு. பஞ்சமர்ங்கிற சொல்லை வச்சு அது பஞ்சமி நிலமாச்சு. அடுத்து வந்த வருவாய் வாரிய நிலையாணைகள்ல நிபந்தனை தெளிவா இருக்கு: முதல் 10 வருஷம் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, தானம் பண்ணக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது. அதுக்கு அப்புறமும் அதே வகுப்பைச் சேர்ந்தவங்களுக்குத்தான் மாத்தலாம். மீறினா அந்தக் கிரயம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கலாம். பழைய சென்னை மாகாணம் முழுக்க இப்படி 12 லட்சம் ஏக்கர் குடுத்ததாப் பரவலா சொல்றாங்க.

இதுல எல்லாரும் நிலத்தைப் பத்தியே பேசுறோம். எனக்குப் பெருசா படறது அந்தப் பதிவேட்டுல இருக்கிற பேரு. தலைமுறை தலைமுறையா வெறும் வீட்டு எண்ணிக்கையா மட்டும் இருந்த குடும்பத்துல ஒருத்தர், முதல்முறையா தன் பேரோட, தகப்பன் பேரோட, சர்வே எண்ணோட அரசு ஏட்டுல ஏறுறார். அமெரிக்கால 1870 கணக்கெடுப்பு எதுவோ, நிறைய செங்கல்பட்டுக் குடும்பங்களுக்கு அந்த டி.சி. ஒப்படைப்புப் பதிவு அதுதான். அதை அழிச்சா நிலம் மட்டும் போகல, தாத்தாவைத் தேடிப் போற ஒரே வழியும் போகுது.

அழிஞ்சது எப்படி? கொஞ்சம் கடன் மூலமா, கொஞ்சம் கைநாட்டு மூலமா, கொஞ்சம் மிரட்டல் மூலமா. மீதி ரொம்பச் சாதுவா, அலுவலகத்துல நடந்தது. 1979ல ஆரம்பிச்சு 1987 வரை நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம், நாம யூடிஆர்னு சொல்றது, நடந்துச்சு. அனுபவத்துல யார் இருக்காங்களோ அவங்க பேர்ல பட்டா ஏறினப்போ, பழைய ஏட்டுல இருந்த டி.சி. குறிப்பு பல இடத்துல புது ஏட்டுக்கு வரவே இல்ல. ரயத்துவாரி, புஞ்சை, இவ்வளவு ஏர்ஸ். பார்க்க எல்லா நிலமும் ஒரே மாதிரி.

நிலத்தைத் திரும்பக் கேட்டவங்களும் இந்த மண்லயே இருக்காங்க. மாமல்லபுரம் பக்கத்துல இருக்கிற காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்துல, 1994 அக்டோபர் 10 அன்னைக்குச் செங்கல்பட்டுல போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்துச்சு. ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் செத்துப் போனாங்க. இந்தக் கட்டுரை படிக்கிற உங்கள்ல நிறைய பேர் பிறந்த வருஷத்தை ஒட்டி நடந்தது அது, ஏதோ சோழர் காலத்துச் சமாச்சாரம் இல்ல.

இப்போ உங்க பணம்

ஒரு கணக்கு போடலாம். மனை 25 லட்சம். கையில இருந்து 5 லட்சம், லோன் 20 லட்சம், 9 சதவீத வட்டி, 15 வருஷம். இஎம்ஐ சுமார் 20,285 ரூபாய். மொத்தம் கட்டுறது ஏறக்குறைய 36.5 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், அது ஒரு 2.25 லட்சம். வீடு கட்டாத வெறும் மனைக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது. ஆக, முழுசா 44 லட்சத்துக்குக் கிட்ட உங்க சம்பளத்துல இருந்து போகுது. 30 வயசுல ஆரம்பிச்சா 45 வரைக்கும்.

அந்த நிலம் டி.சி. நிபந்தனை நிலம்னு பின்னாடி தெரிஞ்சா என்ன ஆகும்? நீங்க பட்டியல் சாதியைச் சேர்ந்தவரா இல்லாத பட்சத்துல உங்க கிரயத்துக்கு அடித்தளமே இல்ல. "நான் தெரியாம வாங்கினேன், முழு விலை குடுத்தேன், ரிஜிஸ்டர் ஆச்சு"ன்னு சொல்றது பெருசா உதவாது. பத்திரம் பதிவாயிட்டா உரிமை வந்துடும்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு, சட்டம் அப்படிச் சொல்லல. விக்கிறவருக்கு இல்லாத உரிமையை அவர் உங்களுக்குக் குடுக்க முடியாது, சார்பதிவாளர் முத்திரை அதை உண்டாக்காது. பக்கத்து மாநிலம் கர்நாடகால பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஒப்படைச்ச நிலத்தை மீட்டுக் குடுக்க 1978ல ஒரு சட்டம் போட்டாங்க. நல்லெண்ணத்துல வாங்கினவங்க எல்லாம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்ப் பார்த்தாங்க. 1984ல அந்தச் சட்டம் செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு. இந்த மாதிரி நிலத்தை வாங்குறவர் ஆபத்தோடதான் வாங்குறார்ங்கிறது அதோட சாரம். தமிழ்நாட்டுலயும் ஒப்படைப்பு நிபந்தனையை நீதிமன்றங்கள் மதிச்சுத் தீர்ப்பு சொல்லியிருக்கு.

உடனே ஒரு பதில் வரும். "சார், எங்க மீட்கிறாங்க? அம்பது வருஷமா கட்டடம் நிக்குது." உண்மைதான். மீட்பு ரொம்ப மெதுவா நடக்குது, அந்தத் தைரியத்துலதான் விக்கிறாங்க. ஆனா அந்த நிதானம் பெரிய ஆளுக்குச் சாதகம், உங்களுக்கு இல்ல. பத்து ஏக்கர் வளைச்சவருக்கு வக்கீல் படையே இருக்கும். 1200 சதுர அடிக்காரர் மறுவிற்பனைக்குப் போகும்போது, வாங்க வர்றவரோட வக்கீல் பழைய ஏட்டை எடுத்தாரோ, அங்கேயே நின்னுடும். விக்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது, இஎம்ஐ மட்டும் மாசாமாசம் 5ஆம் தேதி போகும்.

இன்னொரு பதில், "அதுக்காகத்தான் சார் மார்க்கெட் விலையில பாதிக்குக் குடுக்கிறாங்க." இதுக்கு என் கிட்ட பொறுமை கிடையாது. பாதி விலைன்னா மீதிப் பாதி எங்க போச்சு? அந்த டி.சி. பதிவுல பேர் இருக்கிறவரோட பேத்தி இன்னைக்கு அதே ஊர்ல, அதே மனைப்பிரிவுல, கூலிக்குக் கல்லு சுமக்கலாம். தெரிஞ்சே வாங்கினா அது தள்ளுபடி இல்லீங்க, பங்கு.

நம்ம மாதிரி பணம் பத்திப் பேசுற சேனல்கள் மேலயும் எனக்கு ஒரு குறை உண்டு. 25 வயசுல எஸ்ஐபி ஆரம்பி, செலவைக் குறை, கூட்டுவட்டி மத்ததைப் பாத்துக்கும்னு சொல்றோம். கூட்டுவட்டி யாருக்கும் பாரபட்சம் பாக்காதுதான். ஆனா அசல் எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்குறதே இல்ல. ஒரு குடும்பத்துக்கு 1818லயே பங்கு எழுதியிருக்கு. இன்னொரு குடும்பத்துக்கு 1892க்கு அப்புறம் கிடைச்ச ரெண்டு ஏக்கரும் கைவிட்டுப் போச்சு. ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களும் இன்னைக்கு சிறுசேரில ஒரே சம்பளம் வாங்கலாம். ஒருத்தருக்கு முன்பணம் அப்பா தர்றார், இன்னொருத்தர் அப்பாவுக்கு மாசம் பணம் அனுப்பறார். இதைச் சொல்லாம "ஒழுக்கம்தான் செல்வம்"னு மட்டும் பேசுறது பாதி உண்மை.

தேடுறது எப்படி

நிலத்துக்கே தாய் வச்ச ஊர் இது, தாய்ப்பத்திரம்னு. ஆனா பல விற்பனையில தாய்ப்பத்திரம்னு காட்டுறது யூடிஆர் பட்டாவையோ, 1980கள்ல எழுதின ஒரு பவர் பத்திரத்தையோதான். அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லன்னா அதுவே முதல் சந்தேகம். ஆன்லைன்ல வில்லங்கச் சான்று பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975ல இருந்துதான் சுலபமா கிடைக்கும். அதுக்கு முன்னாடி வேணும்னா சார்பதிவாளர் அலுவலகத்துல மனு போட்டுத் தேடச் சொல்லணும். ஆனா ஒப்படைப்புங்கிறது வருவாய்த் துறை வேலை, பதிவுத் துறை வேலை இல்ல. ஈசியை நூறு வருஷத்துக்குப் போட்டாலும் டி.சி. நிபந்தனை அதுல வராம போகலாம். இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல.

பார்க்க வேண்டியது அ-பதிவேடு. இப்போ இருக்கிறதை அரசோட இ-சேவை தளத்துலயே சர்வே எண் போட்டுப் பார்க்கலாம், இலவசம். அதோட நிக்காதீங்க, அது யூடிஆருக்குப் பிந்தினது. உங்களுக்கு வேணும்கிறது யூடிஆருக்கு முந்தின பழைய அ-பதிவேடும், அதுக்கும் முந்தின செட்டில்மெண்ட் பதிவேடும். புது சர்வே எண்ணுக்கும் பழைய எண்ணுக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் ஒண்ணு இருக்கும், அதை முதல்ல கேளுங்க. பழைய எண் தெரியாம பழைய ஏட்டைப் புரட்டி பிரயோஜனம் இல்ல. குறிப்புக் காலத்துல டி.சி., நிபந்தனை, ஒப்படைப்பு இந்த மாதிரி எது கண்ணுல பட்டாலும் நிறுத்திடுங்க. பேச்சுல இதைத்தான் "கண்டிஷன் பட்டா"ன்னு லேசா சொல்லிட்டுப் போவாங்க. தாலுகா அலுவலகத்துல ஏடு இல்லன்னா கலெக்டர் அலுவலகப் பதிவறை, அங்கேயும் இல்லன்னா எழும்பூர்ல இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

இதுல செங்கல்பட்டுக்கே உரிய தலைவலி ஒண்ணு இருக்கு. ஒரே நிலம், பத்திரத்துக்குப் பத்திரம் மாவட்டம் மாறும். முதல்ல செங்கல்பட்டு ஜில்லா, நடுவுல செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், 1997ல இருந்து காஞ்சிபுரம், 2019 நவம்பர்ல இருந்து மறுபடி செங்கல்பட்டு. தாலுகாவும் பிரிஞ்சு பிரிஞ்சு வந்திருக்கும். பழைய ஏடு எந்த அலுவலகத்துல தங்கிப் போச்சுன்னு கேட்டு அலையத்தான் வேணும். "இங்க இல்ல"ன்னு ஒரு இடத்துல சொன்னா, எங்கேயுமே இல்லன்னு அர்த்தம் இல்ல.

விக்கிறவரோட வம்சாவளியும் பாருங்க. பழைய பத்திரங்கள்ல பல ஆண் வாரிசு மட்டும்தான் கையெழுத்து. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு அந்தத் தேதியில இருந்தே பூர்வீகச் சொத்துல பங்கு வந்துச்சு. 2005 மத்தியத் திருத்தம் கல்யாணம் ஆனவங்களையும் சேர்த்துச்சு. வாரிசுச் சான்றிதழ்ல ஒரு அத்தை பேர் விடுபட்டிருந்தா, பத்து வருஷம் கழிச்சு அந்த அத்தையோட பையன் உங்க வாசல்ல நிப்பான், சட்டப்படி சரியாவும் நிப்பான். கோயில் நிலம், பூமிதான நிலம், கடற்கரை ஒழுங்குமுறை எல்லை இதெல்லாம் தனித் தனி வீடியோவுக்கு உரிய விஷயம், இங்க இழுக்கல.

நிலம் நிஜமாவே டி.சி. நிலமா இருந்து, முதல்ல ஒப்படைக்கப்பட்டவரோட குடும்பம் நீங்களா இருந்தா? இதைப் படிக்கிறவங்கள்ல அப்படியும் சிலர் இருப்பீங்க. உங்க வீட்டுல பழைய தகரப் பெட்டியில கிஸ்து கட்டின ரசீது, மடிச்சு மடிச்சு கிழிஞ்ச பட்டா எது இருந்தாலும் இன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க. ஊர்ப் பேர், கொள்ளுத் தாத்தா பேர், அவங்க அப்பா பேர், வீட்டுல வயசானவங்க இருக்கும்போதே கேட்டு எழுதுங்க. பழைய ஏட்டைத் தேட உங்களுக்கு மத்த யாரையும் விட அதிகக் காரணம் இருக்கு.

வாங்கப் போறவங்களுக்கு: தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு, கட்டணம் 10 ரூபாய். தாசில்தார் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இதோட பழைய சர்வே எண் என்ன, இந்த நிலம் எப்போதாவது நிபந்தனையோட யாருக்காவது ஒப்படைக்கப்பட்டதா, யூடிஆருக்கு முந்தின அ-பதிவேட்டுல இந்த எண்ணுக்கான பக்கத்தோட சான்றிட்ட நகல் வேணும். இந்த மூணும் போதும். 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா மேல்முறையீடு. அதுவரைக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க. "அடுத்த வாரம் விலை ஏறிடும் சார், வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க"ன்னு போன் வந்தா, அந்தப் பார்ட்டிக்கே குடுத்துடச் சொல்லுங்க.